சுவிட்சுக்குச் சந்தனம் வெச்ச கை

இந்தப் பஸ் டிரைவருக்கு ஒரு நாளும் இல்லாத பக்தி இன்னிக்குத்தான் வரோணுமுங்களா? குண்டடத்துல கால் மணி நேரம் நிறுத்திப்போட்டு வண்டிக்கு மாலை மாத்திட்டு இருந்தான். பூசை நேத்தே முடிஞ்சுதல்லங்க. இன்னிக்கு விஜயதசமி, ஓட்டறதுதானே வேலை? நான் ஒம்போதேகாலுக்குள்ள திருப்பூர் போய்ச் சேரோணும். போகலையின்னா மூணு மாசமாக் காத்திருந்தது அம்புட்டும் வீணுங்க.

என்ன சோலின்னு கேக்கறீங்களா? சோலியெல்லாம் ஒண்ணுமில்லீங்கண்ணா. வேடிக்கை பாக்கப் போறேன். சிரிக்காதீங்க, நெசமாத்தான். ஒரு பனியன் கம்பெனி கேட்டுக்கு எதுத்தாப்புல டீக்கடை ஒண்ணு இருக்குது. அதுல உக்காந்து ஒரு டீ, ரண்டு பருப்பு வடை. உள்ள நடக்கறதை அப்படியே நோகாமப் பாக்கறது. அவ்வளவுதான். கம்பெனி பேரைச் சொல்லமாட்டனுங்க, ஊர் வம்பு நமக்கெதுக்கு. நாச்சிமுத்து மொதலாளி கம்பெனின்னு மட்டும் வெச்சுக்குங்க.

என்ற பேரு சென்னியப்பன். பத்தொம்பது வருசம் அங்க இருந்தனுங்க. வயர்மேனாப் போனவன். அப்புறம் கம்ப்யூட்டருக்கு வயர் இழுக்க ஆளில்லைன்னு என்னைத்தான் இழுக்கச் சொன்னாங்க. நானே பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டது. ஒரு சர்ட்டிபிகேட் கிடையாது. ஆனா அந்தக் கம்பெனியில எந்தச் செவுத்துக்குள்ள எந்த வயர் போகுதுன்னு கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லுவேன்.

அங்க சுவிட்ச்சுன்னு ஒண்ணு இருக்குதுங்க. லைட்டு போடற சுவிட்ச் இல்லீங்க. கம்ப்யூட்டர் வயரெல்லாம் ஒட்டுக்கா வந்து சேர்ற பெட்டி. கட்டிங் மெஷின், சாயப்பட்டறையில கலர் அளந்து ஊத்தற மெஷின், தையல் லைன்ல எத்தனை பீஸ் ஆச்சுன்னு காட்டற டிவி, கேட்டுல கைரேகை வெக்கறது, கேமரா, ஆபீஸ் எல்லாம் அதுக்குள்ளதான் வந்து போகோணும். எவன் பேசறது எவனுக்குப் போகோணும், எவனுக்குப் போகக்கூடாதுன்னு அது பிரிச்சு அனுப்பும். அது படுத்தாக் கம்பெனி படுத்துதுன்னு அர்த்தம்.

முன்னால எல்லாம் ஒவ்வொரு தகரச் செட்டுக்கும் ஒரு சின்னப் பெட்டி, வயர் சொருக எட்டு ஓட்டை. ஆணியில மாட்டி வெச்சிருப்போம். ஒண்ணுல இருந்து ஒண்ணு, அதுல இருந்து இன்னொண்ணு. பனியன் கம்பெனித் தூசி உங்களுக்குத் தெரியுமல்லங்க, ஆறு மாசத்துல பஞ்சு அடைச்சுச் செத்துரும். நடுவுல ஒண்ணு செத்தா அதுக்குப் பின்னால இருக்கறது பூராவும் செத்தாப்புலதான். நான் ஏணியைத் தூக்கிட்டு ஓடுவேன். "சென்னியப்பா, லைன் மூணு நின்னு போச்சு", "சென்னியப்பா, கேட்டு தொறக்கலை." காத்தால இருந்து பொழுதோட வரைக்கும் என்ற பேருதானுங்க அந்தக் கம்பெனியில. சாப்புடறப்பக் கூடச் சோத்துக் கையோட ஓடியிருக்கறேன்.

நாலு வருசம் மொதலாளிகிட்டச் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுதுங்க. இப்படிச் சில்லறைப் பெட்டியா மாட்டறது வேண்டாம், பெருசா ஒண்ணு வாங்குங்க, அதுல அறை அறையா இருக்கும். இப்ப இட்லி குண்டா இருக்குதல்லங்க, ஆளு கூடுனா இன்னொரு தட்டு வெப்போமல்ல? அந்த மாதிரி. புதுசா ஒரு செட்டு கட்டுனா ஒரு அட்டையை வாங்கி அறையில சொருகிக்கலாம். ஒரு அட்டை கெட்டா ஓடறப்பவே உருவிட்டு வேற சொருகலாம், மத்தது நிக்காது. மூளை ரண்டு, ஒண்ணு படுத்தா இன்னொண்ணு எந்திரிச்சுக்கும். கரண்டு ரண்டு பக்கம், ஒண்ணு பேட்டரியில இருந்து, ஒண்ணு ஜெனரேட்டர் லைன்ல இருந்து. கடைசியில அவரு ஒரே வார்த்தை கேட்டாரு. "நின்னு போகாதா சென்னியப்பா?" நிக்காதுங்கன்னேன். "நீ சொன்னாச் சரி"ன்னு வாங்கிப்போட்டாரு.

வந்துது பாருங்க, ஏழு அறை. நானே ஏத்தி நானே மாட்டுனது. நானூத்திச் சில்லறை வயரு, ஒவ்வொண்ணையும் பழைய பெட்டியில இருந்து கழட்டி, நம்பர் ஒட்டி, புதுசுல சொருகி, எந்த வழி யாருக்குன்னு உள்ள எழுதி. ஒரே ஞாயித்துக்கிழமையில முடிச்சனுங்க. அன்னிக்கு என்ற அக்கா பேத்திக்குக் காது குத்து. பொறந்த வூட்டுச் சீர் வெக்க நான் போயிருக்கோணும், போகலை. அக்கா இன்னமும் மூஞ்சி குடுத்துப் பேசறதில்லை. காலி அறைக்கெல்லாம் மூடி போடோணுமுங்க, இல்லையின்னாக் காத்து சரியா ஓடாது, சூடாயிரும். மூடியெல்லாம் போட்டு, பஞ்சு போகாம இருக்கறதுக்குப் பனியன் துணியில வடிகட்டி தைச்சு மாட்டி, சனிக்கிழமை சனிக்கிழமை அதைக் கழட்டித் துவைச்சுப் போடுவேன். பெத்த பிள்ளைக்குக் கூட நான் துணி துவைச்சதில்லைன்னு வூட்டுல சண்டை.

நின்னு போகவே இல்லைங்கண்ணா அது. அதுதான் கெரகம். அது வந்த அன்னியோட என்ற பேரு கம்பெனியில நின்னு போச்சு. ஒருத்தன் கூப்புடலை. நானாப் போய் லைன்ல நின்னாக் கூட, "என்னண்ணா இந்தப் பக்கம்?"ங்கறானுங்க.

அப்பத்தான் அந்தப் புள்ளை வந்துது. மைதிலின்னு பேரு. கோயமுத்தூர் காலேஜு. எனக்கு மேல மேனேஜராம். எனக்கு வயசு அம்பத்தி ரண்டு, அதுக்கு இருவத்தி ஒம்போது. அது என்ன பண்ணுச்சுங்கறீங்களா? என்ன பண்ணலைன்னு கேளுங்க. வந்த நாள்ல இருந்து ஒரு நோட்டை வெச்சுக்கிட்டு, "அண்ணா இது எதுக்குங்க, அண்ணா இதை ஏன் இங்க போட்டீங்க?"ன்னு என்ற பின்னாலயே சுத்தும். நான் சொல்றதை எல்லாம் எழுதிக்கும். எதுக்கு எழுதுது? என்ற வேலையைக் களவாடறதுக்குத்தானே? ஒரு நாள் மொதலாளி முன்னால வெச்சு, "அண்ணன் வயர் கட்டியிருக்கற சுத்தம் நான் படிச்ச எடத்துல கூடப் பாத்ததில்லீங்க சார்"ங்குது. எகத்தாளம்! எனக்குப் புரியாதுங்களா? பத்தொம்பது வருசத்துல யாரும் சொல்லாததை இது நாப்பது நாள்ல சொல்லுதுன்னா அது எகத்தாளந்தானே.

அதெல்லாம் பொறுத்துக்கிட்டனுங்க. பொறுக்காதது எதுன்னா, போன வருசம் இதே விஜயதசமி.

எங்க கம்பெனியில ஒரு மொறை உண்டு. ஆயுத பூசையன்னிக்கு மத்தியானம் எல்லா மெஷினையும் நிறுத்திருவாங்க. ஒரு பல்பு எரியக்கூடாது, குத்துவிளக்கைத் தவிர. விஜயதசமியன்னிக்கு நல்ல நேரத்துல ஒவ்வொரு மெஷினாப் போடோணும். மொதலாளி போட மாட்டாரு. எவன் அந்த மெஷினை ஓட்டறானோ அவன் கையாலதான். கட்டிங் மெஷினுக்குக் கட்டிங் மாஸ்டர், சாய மெஷினுக்குச் சாயக்காரர், லாரிக்கு டிரைவர். மொதலாளி கூட நின்னு, "மாஸ்டர், நீங்க போடுங்க"ன்னு பேரைச் சொல்லிக் கூப்புடுவாரு. அவன் சந்தனம் வெச்சு, குங்குமம் வெச்சு, சுவிட்சைத் தட்டுவான். எல்லாரும் கை தட்டுவாங்க. வெத்தலை பாக்கோட ஒரு துண்டு. துண்டு என்ன துண்டு, மூக்குத் தொடைக்கக் காணாது. ஆனா அறநூறு பேரு முன்னால அந்தக் கைக்கு ஒரு மருவாதை அல்லங்க அது? வயர்மேனுக்குன்னு மெஷின் கிடையாது. அதனால பதினெட்டு வருசமா நான் கை தட்டற கூட்டத்துல நின்னவன்.

போன வருசந்தான் எனக்குன்னு ஒரு மெஷின். காத்தால நாலு மணிக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தி, புது வேட்டி, புதுச் சட்டை. சந்தனம் நானே கரைச்சு வெச்சேன். எல்லா மெஷினும் போட்டு முடிச்சு, சனமெல்லாம் அந்தப் பெட்டி இருக்கற சர்வர் ரூம் வாசல்ல வந்து நின்னாங்க. நான் தட்டைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கறேன். மொதலாளி வந்தாரு. என்னையப் பாத்தாரு. பாத்துட்டு, "மைதிலி, நீ போடும்மா"ன்னாரு.

நான் தட்டு ஏந்துனனுங்க. அந்தப் புள்ளை என்ற தட்டுல இருந்து, நான் கரைச்ச சந்தனத்தைத் தொட்டு, நான் தூக்கி வெச்ச சுவிட்சுக்குப் பொட்டு வெச்சுது. போட்டுது. பச்சை லைட்டெல்லாம் வரிசையா எரிஞ்சுது. எல்லாரும் கை தட்டுனாங்க. அந்தப் போட்டோ இன்னமும் ஆபீஸ் ஹால்ல தொங்குதுங்க. போய்ப் பாருங்க வேணுமுன்னா. அந்தப் புள்ளை சிரிக்குது, மொதலாளி சிரிக்கறாரு, ஓரத்துல ஒரு கை மட்டும் தட்டோட தெரியும். அது நான்.

கேட்டிருக்கலாமேங்கறீங்களா? எதுக்குங்க கேக்கறது? கேட்டு வாங்கறது மருவாதைங்களா? அவுங்களுக்காத் தெரியோணும். மூஞ்சியில ஒண்ணும் காட்டலை. எப்பவும் போலச் சிரிச்சேன். பொரி கடலை குடுத்தாங்க, வாங்கித் தின்னேன். வூட்டுக்குப் போயித்தான் அந்தச் சட்டையைச் சுருட்டிப் பரணுல வீசுனேன். வயிறு எரிஞ்சுதுங்கண்ணா. பத்து மாசம் எரிஞ்சுது. உடனே ஏதாச்சும் பண்ணுனா எவன் பண்ணுனதுன்னு தெரிஞ்சுருமல்ல? புலி பதுங்கற மாதிரி பதுங்குனேன்.

பதுங்கி யோசிச்சதுல ஒரு நாள் பளிச்சுன்னு பட்டுது. அந்தப் பெட்டி வருசம் பூராவும் அணையாதுங்க. பேட்டரி இருக்குது, ஜெனரேட்டர் இருக்குது, நாந்தானே ரண்டு பக்கமும் குடுத்தேன். வருசத்துல ஒரே ஒரு நாள்தான் அணையும். இந்தப் பூசைக்கு. போன வருசம் நான் சொல்லிப் பாத்தேன், "இதை மட்டும் அணைக்க வேண்டாமுங்க, உலகத்துல எங்கயும் அணைக்க மாட்டாங்க"ன்னு. மொதலாளி கேக்கலை. "நாம தூங்கறமல்ல, அதுவும் ஒரு நாள் தூங்கட்டும்"னாரு. தூங்கட்டும், தூங்கட்டும்.

ஏன்னா அதுக்கு ரண்டு ஞாபகமுங்கண்ணா. ஒண்ணு முழிச்சிருக்கறப்ப மனசுல இருக்கறது. இன்னொண்ணு எழுதி வெச்சிருக்கறது. தூங்கி எந்திரிச்சுதுன்னா மனசுல ஒண்ணும் இருக்காது. எழுதி வெச்சதைப் படிச்சுத்தான், நான் யாரு, எந்த வயர் யாருக்குப் போகுதுன்னு தெரிஞ்சுக்கும். நான் ஆடி மாசம் வேலையை விட்டனுங்க. கடைசி நாளன்னிக்கு எழுதி வெச்சிருந்ததை அழிச்சுப்போட்டேன். ஒரே வரிதான் அடிக்கோணும். "நெசமாவே அழிக்கட்டுமா?"ன்னு கூட அது கேட்டுது. ஆமான்னேன். கம்ப்யூட்டர்ல ஒரு காப்பி இருந்துது, அதையும் அழிச்சேன். என்ற பென் டிரைவுல ஒண்ணு இருந்துது, அதை நொய்யல் பாலத்து மேல நின்னு சாயத் தண்ணிக்குள்ள வீசிட்டு வந்தேன். பெட்டி எப்பவும் போல ஓடுச்சு. வெளிய இருந்து பாத்தா ஒரு வித்தியாசம் தெரியாது. மனசுல இருக்குதல்ல, அதை வெச்சு ஓடும். தூங்கற வரைக்கும் ஓடும்.

அந்தப் புள்ளைக்குச் சந்தேகம் வரலையான்னா, வந்துது. அன்னிக்குச் சாயங்காலம் அதே நோட்டை எடுத்துக்கிட்டு வந்துது. "அண்ணா, எல்லாம் சேவ் ஆயிருக்குதுங்களா? நான் ஒரு காப்பி எடுத்துக்கட்டுங்களா?"ன்னு கேட்டுது. நான் நிமிந்து அது கண்ணைப் பாத்துச் சொன்னேன். "எல்லாம் இருக்குதுங்க மேடம். நல்லா ஓடற வண்டியில கை வெக்காதீங்க." உடனே நோட்டை மூடிருச்சுங்க. "நீங்க சொன்னாச் சரிங்கண்ணா"ங்குது. இத்தனை படிச்சு என்ன பிரயோசனம்? எதுத்தாப்புல நிக்கறவன் வாயில வந்ததை அப்படியே நம்புது. இதுக்கு மேனேஜர் வேலை!

வேலையை விடறேன்னதும் மொதலாளி ஏன்னு கேட்டாருங்க. தோட்டத்தைப் பாக்க ஆளில்லைன்னுட்டேன். பட்டு வேட்டி ஒண்ணு போத்துனாரு. சரிகை ரண்டு விரக்கடை தேறாது. வாசல் வரைக்கும் கூட வந்து, "மனசு மாறுனா வா"ன்னாரு. அதெல்லாம் பெரிய மனுசனுங்க பேசற பேச்சுங்க. ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதை.

இப்பப் பாருங்க. நேத்துச் சாயங்காலம் வாச்மேன் ஒருத்தருக்குப் போன் போட்டேன், பூசைக்கு வாழ்த்து சொல்ற மாதிரி. "எல்லாம் அணைச்சாச்சுங்களா?"ன்னேன். "பூட்டு மொதக்கொண்டு பொட்டு வெச்சாச்சு, கம்பெனியே இருட்டாக் கெடக்குது"ன்னாரு. "சர்வர் ரூமு?"ன்னேன். "அதுவுந்தான்." வூட்டுல சக்கரைப் பொங்கல் வெச்சிருந்தாங்க, மூணு தடவை வாங்கித் தின்னேன். எங்கூட்டுக்காரியே ஒரு மாதிரிப் பாத்தா.

இன்னிக்கு ஒம்போதேகால்ல இருந்து பத்தேகால் நல்ல நேரம். அந்தப் புள்ளை பொட்டு வெச்சுப் போடும். பச்சை லைட்டு எரியுமுங்க, அதெல்லாம் எரியும். அஞ்சு நிமிசம் கழிச்சுத்தான் தெரியும். லைன்ல டிவி ஓடாது. சாயம் அளக்கறது நின்னுரும். கேட்டுல விரலை வெச்சா நீ யாருங்கும். எல்லாரும் வாசல்ல நிக்கோணும். அடுத்த வாரம் கப்பலுக்குச் சரக்குப் போகோணுமுங்க, தெரிஞ்சுதான் சொல்றேன். அது சொருகிச் சொருகிப் பாக்கும், நோட்டைப் பொரட்டிப் பொரட்டிப் பாக்கும். எந்த வயர் எந்த வழின்னு அந்த நோட்டுல பாதிதான் இருக்குது. மீதியை நான் சொல்லலை.

தையக்காரங்க என்ன பண்ணுவாங்கங்கறீங்களா? அவுங்களுக்கென்னங்க, உக்காந்து பொரி தின்னுட்டுப் போவாங்க. பீஸுக்கு இத்தனைன்னு ஓட்டறவங்கதான்... ஒரு நாள்தானுங்க. ரண்டு நாள். என்ற கொழுந்தியா கூட அங்கதான் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டுது. அதுக்கு நான் என்ன பண்றது, நெல்லோட புல்லும் மிதிபடத்தான் செய்யும். என்னைய யாராச்சும் பாத்தாங்களா? அறநூறு பேரு கை தட்டுனாங்களே, ஒரு ஆளு திரும்பி, "ஏனுங்க, மாட்டுனது சென்னியப்பனாச்சே"ன்னு கேட்டாங்களா? அவுங்களும் நிக்கட்டும்.

அப்பத்தான் மொதலாளி என்னையக் கூப்புடுவாரு. கூப்புட்டுத்தானே ஆகோணும், வேற யாருக்குத் தெரியும்? இந்தா, போனை மடியிலயே வெச்சிருக்கறேன். முழுச் சார்ஜ். எப்படி எடுக்கோணும்னு மூணு மாசமாப் பழகியிருக்கறனுங்க. மொதல் தடவை அடிச்சா எடுக்கமாட்டேன். ரண்டாவது தடவையும் எடுக்கமாட்டேன். மூணாவது தடவை எடுத்து, "யாருங்க பேசறது?"ன்னு கேப்பேன். நம்பரே அழிச்சுட்டேன்னு நெனைக்கோணும். அவரு, "நாந்தான் சென்னியப்பா"ம்பாரு. "எந்த நாந்தானுங்க?"ன்னு கேப்பேன். அந்தப் புள்ளையும் போன வாரத்துல இருந்து நாலு தடவை அடிச்சுதுங்க. எடுப்பனா? என்ன சந்தேகமோ, கெடந்து தவிக்கட்டும்.

அட, அவிநாசிபாளையம் வந்துருச்சா? பரவாயில்லை, ஓட்டறான்.

பாருங்க! பாருங்கண்ணா, அடிக்குது! மொதலாளிதான். மணி என்னங்க? எட்டே முக்கால் கூட ஆகலை. நல்ல நேரத்துக்கு முன்னாலயே போட்டுட்டாங்களாட்ட இருக்குது. அவசரம்! எடுக்கமாட்டேன். அடிக்கட்டும், அடிக்கட்டும். நின்னுருச்சு. இப்ப அங்க எல்லார் மூஞ்சியும் எப்படி இருக்கும்? அந்தப் புள்ளை மூஞ்சி? இந்தா, மறுபடியும். ரண்டாவது. ஒரு நிமிசம் கூட ஆகலைங்க, பதறிட்டு இருக்கறாரு. பத்து மாசம் நான் பதறுனனே, அஞ்சு நிமிசம் பதறுனா என்ன. கண்டக்டர், சத்தத்துக்குத் திரும்பிப் பாக்காதப்பா, எனக்கு வந்த போனுதான்.

மூணாவது. செத்தெ சும்மா இருங்கண்ணா, பேசிக்கறேன்.

அலோ. யாருங்க பேசறது?

...ஆமாங்க. சென்னியப்பன்தானுங்க.

...இல்லீங்க, சத்தத்துல கேக்கலைங்க. பஸ்ஸுல வந்துட்டு இருக்கறேன். ...திருப்பூருக்குத்தானுங்க.

...எதுக்குங்க?

...இல்லீங்க மொதலாளி. நான் எதுக்குங்க. மேடம் இருக்கறாங்கல்ல.

...சரிங்க. ...சரிங்க. ...கோவில்வழியிலயா? ...சரிங்க.

தண்ணி இருக்குதுங்களாண்ணா? குடுங்க ஒரு மடக்கு.

இன்னும் போடலையாமுங்க. சர்வர் ரூமு இன்னமும் இருட்டாத்தான் இருக்குதாம். அந்தப் புள்ளை போடமாட்டேன்னுருச்சாம். "போன வருசம் விவரம் தெரியாமப் போட்டுட்டேன் சார், அண்ணன் மெஷினு அது, அவரு வந்துதான் போடோணும்"னு பத்து நாளாச் சொல்லுதாமுங்க. அதைச் சொல்லிக் கூப்புடத்தான் எனக்குப் போன் அடிச்சிருக்குது. நான் எடுக்காம இருக்கவும், இன்னிக்கு மொதலாளியே எங்கூருக்குக் காரை அனுப்பிச்சிருக்காரு. நான் பஸ் ஏறிட்டேன்னு வூட்டுல சொல்லியிருக்கறாங்க. அந்தக் காரு இப்ப நம்ம பஸ்ஸைத் தாண்டிப் போய்க் கோவில்வழி ஸ்டாப்புல நிக்குதாம்.

மொதலாளி என்ன சொன்னாரு தெரியுங்களா? "புதுசா வந்த பொம்பளைப் புள்ளை, மொதல் பூசை, மகாலட்சுமி மாதிரி இருக்குதேன்னு போடச் சொல்லிட்டேன் சென்னியப்பா. நீ பக்கத்துலயே நிக்கறே, எனக்கு அது தோணவே இல்லை. இவ சொல்லித்தான் எனக்கு ஒறைச்சுது. மனசுல வெச்சுக்காதே. எல்லா மெஷினையும் நிறுத்தி வெச்சிருக்கறேன். இன்னிக்கு மொதல் கை உன்ற கைதான். நீ அதைப் போட்டுட்டுத்தான் மத்தவங்க போடோணும்"ங்கறாரு. அறநூறு பேரும் வாசல்ல நிக்கறாங்களாம். என்ற கொழுந்தியாகிட்டச் சொல்லி எங்கூட்டுக்காரியையும் அந்தக் கார்லயே கூட்டியாந்துட்டாங்களாமுங்க. அவ இப்ப அதுக்குள்ளதான் உக்காந்திருக்கறா.

இதைப் போன வருசம் சொல்லியிருந்தா என்னங்க? ஒரே ஒரு வார்த்தைங்கண்ணா. "சென்னியப்பா, நீ போடு." ஒரு வருசம் முன்னால சொல்லியிருந்தா அவருக்கு என்ன கொறைஞ்சு போயிருக்கும்?

உண்மையைச் சொல்லிருங்கங்கறீங்களா? என்னன்னு சொல்றதுங்க? "மொதலாளி, நான் தட்டுனா ஓடாதுங்க"ன்னா? ஏன் ஓடாதுன்னு கேப்பாரே. அந்தப் புள்ளை பக்கத்துலதானே நிக்கும். எல்லாம் இருக்குதுன்னு அது கண்ணைப் பாத்துச் சொன்னவன் நான். திரும்ப எழுதிரலாம்னா, என்னத்தைப் பாத்து எழுதறது? நானூறு வயரு. எனக்கு ஞாபகம் இருக்குதுன்னு இத்தனை நேரம் உங்ககிட்டச் சொன்னேன். இப்ப நெனைச்சுப் பாக்கறேன், பத்து வயருக்கு மேல வரலைங்க. மூணு நாளாச்சும் ஆகும். மூணு நாளும் அவுங்க எல்லாரும் நின்னு பாத்துட்டு இருப்பாங்க.

அடக் கடவுளே, கோவில்வழி வந்துருச்சா? அந்தா, வெள்ளைக் காரு. அவ எறங்கி நிக்கறா பாருங்க, முகூர்த்தச் சேலையில. என்ற போன வருசத்துப் புதுச் சட்டையைப் பரணுல இருந்து எடுத்துத் தேச்சுக் கொண்டாந்திருக்கறா. பஸ்ஸு ஜன்னல் ஜன்னலா எட்டி எட்டிப் பாக்கறா.

அண்ணா, நீங்க எந்திரிக்காதீங்க. மூட்டையை நகத்தாதீங்க. இங்க எறங்கறது யாருன்னு கண்டக்டர் கேட்டா, இவரு பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் போறவருன்னு சொல்லிப்போடுங்க. வழி விடாதீங்கண்ணா. உங்களைக் கும்புட்டுக் கேக்கறேன், எனக்கு வழி விடாதீங்க.